விதைக்கும் முன்னால் ஒரு நோட்டு: பயிர்த் திட்டம் எழுதி வைத்தால் நமக்கு உண்மையில் பயன் உண்டா?

மாரண்டஅள்ளி தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஓசூரில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்றரை ஏக்கர் நிலம். அதில் ஒன்றரை ஏக்கர் போர் தண்ணீரில் ஓடுகிறது, மீதி மேட்டு நிலம். போன முறை ஒரு ஏக்கர் தக்காளி வைத்தோம். காய்ப்பு முடிந்ததும் அப்பாவிடம் "என்ன மிச்சம்?" என்று கேட்டேன். "வந்ததும் போனதும் சரியா இருக்கும்டா" என்றார். ஆனால் அம்மாவின் வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. சரியாக இருந்திருந்தால் வளையல் வீட்டுக்கு வந்திருக்க வேண்டுமே என்ற கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இப்போது ஐப்பசி. அடுத்த நடவுக்கு நர்சரியில் நாற்று சொல்ல வேண்டும். ஒரு பயிற்சி முகாமுக்குப் போனபோது "விவசாயமும் ஒரு தொழில்தான், தொழில் திட்டம் எழுதுங்கள்" என்றார்கள். அப்பா கேட்டுவிட்டு, "மழையும் மண்டியும் நம்ம நோட்டைப் பார்த்தா நடக்கப் போகுது?" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிற மாதிரி தெரிகிறது. இங்கே அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். திட்டம் என்று நீங்கள் எழுதி வைப்பது என்ன? அதனால் ஒரு முறையாவது உங்கள் முடிவு மாறியிருக்கிறதா?

---

ராயக்கோட்டை ரோடு எழுதியது:

தம்பி, மாறியிருக்கிறது. அதனால்தான் நீட்டி எழுதுகிறேன்.

22 வருடமாகத் தக்காளி வைக்கிறேன். முதல் பத்து வருடம் எல்லாக் கணக்கும் மனதில்தான். ஒரு மாசியில் விலை விழுந்தது. பெட்டி 30 ரூபாய். காய் செடியிலேயே பழுத்துத் தொங்குகிறது, பார்க்க மனசு கேட்கவில்லை. பறித்தேன், ஏற்றினேன், விற்றேன். 240 பெட்டி போயிருக்கும். அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தால், அப்போதைய கூலிக்குப் பறிப்பு, வண்டி, இறக்குக் கூலி எல்லாம் சேர்ந்து பெட்டிக்கு 38 ரூபாய். 30 ரூபாயில் கமிஷன் போக என் கைக்கு வந்தது 27. ஒவ்வொரு பெட்டிக்கும் 11 ரூபாய் என் பையில் இருந்து கொடுத்து மண்டிக்கு அனுப்பியிருக்கிறேன். 240 பெட்டிக்கு 2,640. அந்த மூன்று வாரமும் மருந்து வேறு அடித்தேன். நஷ்டப்படுகிறோம் என்று தெரியாமலேயே நஷ்டப்பட்டது அன்றைக்கு என்னை ரொம்பவே உறுத்தியது.

அதிலிருந்து நாற்று சொல்லும் முன்னால் ஒரு பக்கம் எழுதுவேன். என் நோட்டில் இப்போது இருக்கும் ஒரு ஏக்கர் கணக்கை அப்படியே தருகிறேன். உங்கள் ஊர்க் கூலி வேறாக இருக்கும், மாற்றிக்கொள்ளுங்கள்.

உழவு, பார் போட 8,000. தொழு உரம் 4 லோடு 14,000. மல்ச்சிங் ஷீட் (பாரின் மேல் விரிக்கும் பிளாஸ்டிக்) 7 ரோல் 12,600. நாற்று 6,000, ஒன்று 1.20 வீதம் 7,200. நடவுக் கூலி 4,000. குச்சி 30,000 ரூபாய்க்கு வாங்கினேன், மூன்று பயிருக்கு வரும், அதனால் இந்தப் பயிருக்கு 10,000. கம்பி, சணல் 5,000. குச்சி நட, செடி கட்டக் கூலி 14,000. சொட்டுநீரில் விடும் உரம் 18,000. மருந்து 22,000. களை 5,000. மொத்தம் 1,19,800.

இது காய் பறிக்கும் வரைக்கும். பறிக்க ஆரம்பித்தால் 25 கிலோ பெட்டிக்குப் பறிப்புக் கூலி 28, வண்டி 22, ஏற்றி இறக்க 5. ஆக 55. அதற்கு மேல் கமிஷன் நூற்றுக்குப் பத்து.

இதில் இருந்து மூன்று விலை எடுப்பேன். நோட்டின் மேலே சிவப்புப் பேனாவில் எழுதுவேன்.

முதலாவது, பெட்டி 61 ரூபாய். இதற்குக் கீழே விலை போனால் பறிக்கவே கூடாது. அந்த 61இல் கமிஷன் போனால் 55தான் நிற்கும், அது பறித்து ஏற்றிய செலவுக்கே சரி.

இரண்டாவது, 228 ரூபாய். ஏக்கருக்கு 20 டன், அதாவது 800 பெட்டி வந்தால், இந்தச் சராசரி விலையில்தான் போட்ட காசு திரும்பும். 500 பெட்டிதான் வந்தது என்றால் இதே விலை 327 ஆகிவிடும். நோய் வந்து காய்ப்பு குறைந்தால் எவ்வளவு ஆபத்து என்பது இந்த ஒரு எண்ணில் தெரியும்.

மூன்றாவது, 294 ரூபாய். நானும் வீட்டுக்காரியும் ஆளுக்கு 60 நாள் உழைத்ததற்கு ஒரு நாளைக்கு 400 என்று வைத்தால் 48,000. அதையும் சேர்த்தால் வரும் விலை இது. வெளியே கூலிக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் காசுதானே, அதை ஏன் விட வேண்டும்?

மழையும் மண்டியும் நோட்டைப் பார்த்து நடக்காது என்று உங்கள் அப்பா சொன்னது உண்மை. நோட்டைப் பார்த்து நடக்க வேண்டியது நாம்தான். விலை என்ன வரும் என்று என் திட்டத்தில் எங்கேயும் எழுதவில்லை பாருங்கள். எந்த விலைக்கு நான் என்ன செய்வேன் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

---

ஏரியூர் மானாவாரி எழுதியது:

அண்ணன் எழுதியது தண்ணீர் உள்ளவர்களுக்குச் சரி. எங்கள் பக்கம் வந்து பாருங்கள். ஆடியில் மழை பெய்தால் விதைப்போம், இல்லையென்றால் காத்திருப்போம். கேழ்வரகு, சாமை, நிலக்கடலை, கொள்ளு. போர் போட்டவர்கள் ஆயிரம் அடிக்கு மேல் போயும் புழுதிதான் பார்த்தார்கள். நான் போட்டது 2 போர், இரண்டும் போச்சு, அந்தக் கடன் அடைக்க 6 வருடம் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனேன்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், முகாமில் பேசுகிறவர்கள் எல்லோரும் விவசாயி திட்டமிடாததால்தான் நஷ்டப்படுகிறான் என்கிற மாதிரி பேசுகிறார்கள். விலை நம் கையில் இல்லை. கூலி நம் கையில் இல்லை. சுவாமிநாதன் தலைமையில் 2004இல் அமைத்த தேசிய விவசாயிகள் ஆணையம் உற்பத்திச் செலவுக்கு மேல் 50 சதவீதம் வைத்து ஆதரவு விலை கொடுக்கச் சொன்னது. நிலத்தின் வாடகையும் போட்ட முதலுக்கான வட்டியும் சேர்ந்த முழுச் செலவின் மேல் அந்த 50 சதவீதம் இன்னும் வரவில்லை. அதைப் பேசாமல் நோட்டு எழுது என்று சொன்னால் குற்றத்தை எங்கள் தலையில் கட்டுகிற மாதிரி இருக்கிறது.

---

அரூர் அக்கா எழுதியது:

ஏரியூர் தம்பி சொல்வது வலிக்கிற உண்மை. விலைக்காகக் கேட்கவும் வேண்டும். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் வருடங்களில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணமும் கட்ட வேண்டும் இல்லையா, அதனால் என் வழியையும் சொல்கிறேன்.

எனக்குத் திட்டம் என்றால் லாபக் கணக்கு இல்லை, மாதக் கணக்கு. எங்களுக்கு மஞ்சளும் மரவள்ளியும். மஞ்சள் வைகாசியில் நட்டால் தை, மாசியில்தான் வெட்டுவோம். வேக வைத்து, காய வைத்து, மெருகு போட்டு விற்க இன்னும் ஒரு மாதம். மரவள்ளியும் பத்து மாதம். இரண்டும் நல்ல பயிர். ஆனால் இரண்டையுமே வைத்தால் காசு வருவது ஒரே சமயத்தில், மற்ற ஒன்பது மாதம் கை வெறுமை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது கையில் ஒன்றும் இருக்காது, மகளிர் குழுவில் வாங்குவோம், பற்றாமல் வெளியில் வட்டிக்கு வாங்குவோம். லாபம் இருந்தும் கடன் நின்றது இதனால்தான். இது எனக்குப் புரியவே நாலைந்து வருடம் ஆனது.

காலண்டர் அட்டையின் பின்பக்கம் 12 கட்டம் போட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் மேலே வரவு, கீழே செலவு. சித்திரையில் கோயில் பண்டிகை, ஜூனில் பள்ளிக்கூடம், ஆடியில் பெரிய மகளுக்குச் சீர், ஐப்பசியில் தீபாவளி. இவை எல்லாம் வருடா வருடம் தெரிந்தே வருபவை. பண்ணைச் செலவு, வீட்டுச் செலவு என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் எழுதினேன், ஏனென்றால் கடன் வருவது வீட்டுக் கட்டத்தில்தான். எழுதி முடித்ததும் ஆனி, ஆடி, ஆவணி மூன்று கட்டமும் மேலே காலியாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் 30 சென்ட் மரவள்ளியைக் குறைத்துக் கத்தரியும் இரண்டு கறவை மாடும் சேர்த்தேன். மரவள்ளி 30 சென்ட்டில் வந்திருக்கும் காசை விடக் கத்தரியில் அதிகமாக வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாராவாரம் வந்தது. அந்த வருடம் வெளி வட்டிக்கு நான் போகவில்லை.

இன்னொன்று. மரவள்ளி வைக்கிறவர்கள் கவனிக்கவும். சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்கு மாவுப் பாயிண்ட், அதாவது கிழங்கில் மாவு எவ்வளவு என்ற அளவு, பார்த்துத்தான் விலை போடுகின்றன. அவசரத்துக்குக் காசு வேண்டும் என்று எட்டாம் மாதமே பிடுங்கினால் எடையும் குறையும், பாயிண்டும் குறையும். பள்ளிக்கூடக் கட்டணத்துக்காக ஒரு முறை அப்படிப் பிடுங்கினேன். காலண்டர் அட்டை அப்போதே இருந்திருந்தால் பிடுங்கியிருக்க மாட்டேன்.

---

சங்கத்தில் இருந்தவன் எழுதியது:

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடன் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

நிறையப் பேர் கிசான் கடன் அட்டைக்கு வங்கி ஒரு கணக்குப் போடுகிறதே, அதுவே திட்டம் என்று நினைக்கிறார்கள். இல்லை. ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்ட அளவில் ஒரு குழு தொகை நிர்ணயிக்கும். 'ஸ்கேல் ஆஃப் ஃபைனான்ஸ்' என்று சொல்வோம். அதை உங்கள் பரப்பால் பெருக்கி, அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் 10 சதவீதம், பண்ணைப் பொருள் பராமரிப்புக்கு 20 சதவீதம், காப்பீட்டுத் தொகை ஆகியவற்றைச் சேர்த்தால் உங்கள் முதல் வருட வரம்பு வரும். அது மாவட்டத்துக்கெல்லாம் பொதுவான அளவு. உங்கள் போரில் தண்ணீர் எவ்வளவு, உங்கள் மண்ணில் எத்தனை பெட்டி வரும் என்பது அதில் கிடையாது. கிடைக்கிற வரம்பு முழுவதையும் எடுக்க வேண்டும் என்றும் இல்லை.

கடனில் முக்கியமானது தவணைத் தேதி. வங்கியில் 3 லட்சம் வரை பயிர்க்கடன் வட்டி 7 சதவீதம், குறித்த நாளில் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4 ஆகும். நம் மாநிலத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனை உரிய நாளில் திருப்பினால் வட்டியே இல்லை. ஒரு வாரம் தாமதித்தாலும் அந்தச் சலுகை போய்விடும். நான் இருந்த காலத்தில் மஞ்சள் விற்கவில்லை என்று தவணை தாண்டியவர்கள் எத்தனையோ பேர். மஞ்சள் வீட்டில் மூட்டையாக இருக்கும், விலைக்காகக் காத்திருப்பார்கள், இங்கே வட்டி ஏறும். அக்கா போட்ட 12 கட்டத்தில் தவணைத் தேதியையும் ஒரு கட்டத்தில் எழுதுங்கள். அது ரொம்ப முக்கியம்.

2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை அடமானம் இல்லாமல் பயிர்க்கடன் கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி உயர்த்தியிருக்கிறது. கேட்டு வாங்குங்கள், வளையலைக் கொண்டுபோகும் முன்னால்.

பயிர்க் காப்பீட்டிலும் ஒரு தவறான எண்ணம் உண்டு. தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி பங்கு அதிகபட்சம் 5 சதவீதம், கேழ்வரகு போன்ற காரீப் (மழைக்காலப் பருவ) உணவுப் பயிருக்கு 2 சதவீதம். அது விளைச்சல் இழப்புக்குத்தான். மண்டியில் விலை விழுந்ததற்கு ஒரு ரூபாய் வராது. விலைச் சரிவுக்கான காப்பீடு உங்கள் நோட்டில் மட்டும்தான் இருக்க முடியும்.

---

சூளகிரி கொத்தமல்லி எழுதியது:

அக்கா சொன்ன காலிக் கட்டத்துக்கு எங்கள் ஊர் வழி, கொத்தமல்லித் தழை, புதினா. கொத்தமல்லி 40 நாள் பயிர். 20 சென்ட் போட்டாலும் பெங்களூர் வண்டியில் ஏறிவிடும். விலை ஏறும், இறங்கும், ஆனால் போட்ட முதல் சிறியது, போனாலும் தாங்கும். தக்காளி மாதிரி ஒரு லட்சத்துக்கு மேல் மண்ணில் புதைத்துவிட்டு நாலு மாதம் தூக்கமில்லாமல் கிடக்க வேண்டாம்.

---

மாரண்டஅள்ளி தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் உட்கார்ந்தேன். போன வருடக் கணக்கை நாங்கள் எழுதி வைக்கவில்லை, ஆனால் அம்மா மண்டிச் சீட்டுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார்கள். மஞ்சள், ரோஸ் கலரில் கசங்கின சீட்டுகள், சிலதில் தக்காளிச் சாறு பட்டு எழுத்தே அழிந்திருந்தது. தேதி வாரியாக அடுக்கினேன்.

மொத்தம் 640 பெட்டி. விற்றது 1,31,200. சராசரி பெட்டி 205. கமிஷன் 13,120. பெட்டிக்கு 55 வீதம் பறிப்பும் வண்டியும் 35,200. மிச்சம் 82,880. உரக்கடை, நர்சரி, ஆள் கூலி எல்லாம் நினைவில் இருந்து எழுதியதில் சாகுபடிச் செலவு 1,12,000. ஆக 29,120 நஷ்டம். எங்கள் உழைப்புக்குக் கணக்கே இல்லை.

வளையல் ஏன் வரவில்லை என்று இப்போது தெரிகிறது. பார்த்ததும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. ராயக்கோட்டை அண்ணா, வேறு எதையாவது விட்டிருக்கிறேனா பாருங்கள்.

---

ராயக்கோட்டை ரோடு எழுதியது:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தம்பி. சீட்டை எடுத்து வைத்த அம்மாவுக்கு என் வணக்கம்.

இரண்டு கேள்வி. மண்டியில் அட்வான்ஸ் வாங்கினீர்களா? உங்கள் போர் பங்குனியில் எவ்வளவு தண்ணீர் தரும்?

---

மாரண்டஅள்ளி தோட்டம் எழுதியது:

வாங்கினோம் அண்ணா, 40,000. வட்டி எதுவும் கேட்கவில்லை. காய் முழுக்க அந்தக் கடைக்கே போட வேண்டும் என்பதுதான் பேச்சு. பக்கத்துக் கடையில் பெட்டிக்குப் பத்து, இருபது ரூபாய் கூடப் போகும், நாங்கள் போக முடியாது.

போர் தண்ணீர் அளந்ததில்லை. எப்படி அளப்பது?

---

ராயக்கோட்டை ரோடு எழுதியது:

அட்வான்ஸை முதலில் பார்ப்போம். பெட்டிக்குச் சராசரி 15 ரூபாய் குறைவு என்றால் 640 பெட்டிக்கு 9,600. 40,000 ரூபாயை ஐந்து மாதம் வைத்திருந்ததற்கு 9,600. ஐந்து மாதத்துக்கு 24 சதவீதம், வருடத்துக்குப் பார்த்தால் 58 சதவீதம் கிட்ட வருகிறது. வட்டி இல்லை என்று நினைத்த கடன் இது. சங்கத்தில் இதே 40,000 வாங்கி நாளுக்குக் கட்டியிருந்தால் வட்டி சைபர். கடைக்காரர் மேல் தப்பு சொல்லவில்லை, நடவு நேரத்தில் யாரும் கொடுக்காதபோது அவர்தான் கொடுக்கிறார். ஆனால் காசு வேண்டும் என்பது நமக்கு இரண்டு மாதம் முன்னாலேயே தெரியும். தெரிந்ததை அன்றைக்கே எழுதியிருந்தால் சங்கத்துக்கு அலைய நேரம் கிடைத்திருக்கும்.

தண்ணீர் அளக்க ஒரு 200 லிட்டர் டிரம், ஒரு போன் போதும். மோட்டார் போட்டு அரை மணி ஓடவிடுங்கள், முதலில் வேகமாக வரும், அது கணக்கில்லை. அப்புறம் டிரம் நிரம்ப எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 3 நிமிடம் என்றால் மணிக்கு 4,000 லிட்டர். இப்போது மழைக்காலம், நன்றாகத்தான் வரும். பங்குனியில் 6 நிமிடம் ஆகும் என்று வையுங்கள், மணிக்கு 2,000. வெயில் காலத்தில் ஒரு ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் விட வேண்டுமானால் 20,000 லிட்டர் வேண்டும். அதாவது 10 மணி நேரம் மோட்டார் ஓட வேண்டும். மும்முனை மின்சாரம் எத்தனை மணி நேரம் வருகிறது என்று நீங்களே சொல்லுங்கள். போன வருடம் 800 வர வேண்டியது 640 ஆனதற்குத் தண்ணீர்தான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. காய் சின்னதாகிக் கடைசியில் காயின் அடி அழுகல் வந்ததா?

---

மாரண்டஅள்ளி தோட்டம் எழுதியது:

வந்தது அண்ணா. கடைசி நாலு பறிப்பில் காய் கோலி மாதிரி இருந்தது. நோய் என்று நினைத்து மருந்து அடித்தோம்.

---

சந்தூர் மாந்தோப்பு எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். மா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வருட நோட்டு போதாது என்று சொல்ல வந்தேன்.

மா ஒரு வருடம் காய்க்கும், அடுத்த வருடம் ஏமாற்றும். காய்த்த வருடத்துக் காசைப் பார்த்து வண்டி வாங்கியவர்களை எங்கள் ஊரில் எனக்குத் தெரியும். நான் நாலு வருடம் சேர்த்துச் சராசரி எடுத்து, அதில் வருவதுதான் வருட வருமானம் என்று வைத்துக்கொள்கிறேன். நல்ல வருடத்தில் கூட வரும் காசைத் தொடுவதில்லை.

2025 சீசன் எல்லோருக்கும் நினைவிருக்கும். கிளிமூக்கு கிலோ நாலைந்து ரூபாய்க்குப் போனது. கிருஷ்ணகிரியில் கூழ்த் தொழிற்சாலைகள் நிறைய இருந்தும், அவர்களிடம் பழைய கூழ் தேங்கியிருந்தால் நம் காயை எடுக்க மாட்டார்கள். நம் மாவட்டத்தில் தோப்பு தோப்பாகக் கிளிமூக்குதான், வாங்குகிறவர்கள் ஒரே தொழில்காரர்கள். 60 மரம் உள்ள என் தோப்பில் 45 கிளிமூக்கு. அந்த வருடம் மீதி 15 செந்தூராவும் மல்கோவாவும்தான் வீட்டுச் செலவைப் பார்த்தது, அவை சாப்பிட வாங்குகிறவர்களிடம் போகின்றன. இப்போது 10 கிளிமூக்கு மரத்தில் தலையை வெட்டி வேறு ரகம் ஒட்டுக் கட்டியிருக்கிறேன். காய்ப்புக்கு வர மூன்று, நாலு வருடம் ஆகும், அந்த வருடங்களின் வரவு குறைவையும் எழுதி வைத்த பிறகுதான் அறுவாளை எடுத்தேன்.

குத்தகைக்கு விடுகிறவர்கள் பூ பார்த்து விடுவதா, பிஞ்சு பார்த்து விடுவதா என்பதையும் நாலு வருடச் சராசரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

---

ஏரியூர் மானாவாரி எழுதியது:

நான் முன்னால் எழுதியதில் இருந்து பின்வாங்கவில்லை. ஆனால் தம்பி பிஸ்கட் டப்பாவைத் திறந்ததைப் படித்த பிறகு நானும் ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். மானாவாரிக் கேழ்வரகு, ஒரு ஏக்கர்.

உழவு இரண்டு 2,400. விதை 300. டிஏபி உரம் ஒரு மூட்டை 1,350. களை 12 ஆள் 3,600. அறுப்பு 10 ஆள் 3,000. மிஷினில் அடிக்க 1,800. மொத்தம் 12,450.

மழை கை கொடுத்தால் 8 குவிண்டால், இல்லையென்றால் 3. மோசமான வருடத்தில் வீட்டு வாசலில் வியாபாரிக்கு 3,200 வீதம் கொடுத்தேன், 9,600 வந்தது. அரசு கொள்முதல் விலை 2025-26க்கு 4,886. அதே 3 குவிண்டால் அங்கே போயிருந்தால் 14,658. ஒன்று நஷ்டம், ஒன்று கைமுதல் தேறிக் கொஞ்சம் மிச்சம், நிலம் அதே நிலம். 2023 மே மாதம் முதல் தர்மபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தருகிறார்கள், அதற்காகத்தான் இங்கே நேரடிக் கொள்முதல் நடக்கிறது. எனக்குத் தெரியும். ஆனால் சிட்டா, அடங்கல் எடுத்து, காய வைத்து, தூற்றி, வண்டி பிடித்துப் போக வேண்டும், மூன்று மூட்டைக்கு யார் அலைவது என்று விட்டுவிட்டேன். 5,000 ரூபாய் வித்தியாசம் என்று அப்போது தெரியவில்லை. பக்கத்து நிலத்துக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு வண்டி போதும்.

இன்னொன்றும் தோன்றியது. எங்கள் தாத்தா ஆடிப் பதினெட்டுக்குள் மழை வராவிட்டால் நிலக்கடலை விதையை மூட்டையிலேயே கட்டிவிடுவார். அப்புறம் வரும் மழைக்குக் கேழ்வரகு, அதுவும் தப்பினால் புரட்டாசியில் கொள்ளு. எந்த நாளைத் தாண்டினால் எந்த விதை என்று அவர் மனதில் வரிசை இருந்தது. நான் நிலக்கடலை விதைக்கு அதிக விலை கொடுத்தோமே என்று ஆவணியிலும் விதைத்து இரண்டு முறை இழந்தேன். அது எழுத்தில் இல்லாத திட்டம், அவரோடு போய்விட்டது. பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் கொள்ளிலும் கேழ்வரகிலும் நம் மண்ணுக்கான ரகங்கள் வந்திருக்கின்றன, விதை எப்போது கிடைக்கும் என்று கேட்டு அந்தத் தேதியையும் எழுதப் போகிறேன்.

விலைக்கான கோரிக்கையை விட மாட்டேன். என் செலவுக் கணக்கு கையில் இருந்தால் குறைதீர் கூட்டத்தில் இன்னும் சத்தமாகக் கேட்பேன்.

---

அரூர் அக்கா எழுதியது:

தம்பி, இதைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. தாத்தாவின் வரிசையை முதலில் எழுதுங்கள், தேதி, மழை, விதை மூன்றோடும். உங்கள் ஊரில் அந்த வயதில் யாராவது இருந்தால் அவர்களையும் கேட்டு எழுதுங்கள். தாமதிக்காதீர்கள்.

---

மாரண்டஅள்ளி தோட்டம் எழுதியது:

நர்சரிக்குப் போய்விட்டு வந்தேன். டிரம் வைத்து அளந்ததில் இப்போது மூன்றே கால் நிமிடம். பங்குனியில் பாதியாகும் என்று வைத்து, ஒரு ஏக்கர் வேண்டாம் என்று முடிவு செய்தோம். 50 சென்ட் மட்டும், அதையும் இரண்டாகப் பிரித்து 1,500 நாற்று இப்போது, 1,500 நாற்று 25 நாள் கழித்து. மாசியில் எல்லாத் தோட்டமும் சேர்ந்து காய்க்கும்போது என் காய் முழுவதும் அதில் சிக்காது. மீதியில் 20 சென்ட் கொத்தமல்லி. சங்கத்தில் கடனுக்குச் சிட்டா, அடங்கல் கொடுத்தாயிற்று, மண்டி அட்வான்ஸ் இந்த முறை வாங்கவில்லை. சூளகிரி அண்ணா, விதை அளவு, பாத்தி பற்றித் தனியாகக் கேட்கிறேன்.

நேற்று ராத்திரி சாப்பிட்டபின் அப்பாவிடம் போன வருடக் கணக்கை வரி வரியாகப் படித்துக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். 29,120 என்று முடித்ததும் கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு ஆட்டை வித்து மருந்து வாங்கினமே, அதை எழுதலையேடா" என்றார். 13,000. ரொக்கமாகக் கொடுத்ததால் கடைச் சீட்டிலும் இல்லை, எனக்கும் நினைவில்லை. எழுதினேன். நஷ்டம் 42,120 ஆனது.

நோட்டை வாங்கி அவரே ஒருமுறை பார்த்தார். கண்ணாடி இல்லாமல் எட்டப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு, போன வருடம் காலண்டர் அட்டை ஏதாவது கிடக்கிறதா என்று கேட்டார்.